கரண்ட் போன பிறகும் 431 வோல்ற்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று பதினொன்று பதினொன்றரை போல முழு இலங்கைக்கும் கரண்ட் போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொல்ல, அடுத்த இரண்டு நாளும் போனைத் திறந்தால் குரங்கு மீம்தான். அதுகளைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. கரண்ட் போன அந்த நேரத்தில் எங்களில் ஒருவனின் கை, குறட்டோடு சேர்ந்து, ஒரு தகரச் சட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அதை எழுதுவதற்கு முதல் தகரச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேணும்.

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி கிற்றார் வாசிப்பாள், ஒருவன் றம்ஸ், மற்றது பாட்டெழுதுகிற ஆள். பாண்ட் என்று சொல்லவே வெட்கம், பெயரும் இன்னும் வைக்கவில்லை. கொக்குவிலில் கிற்றார்காரியின் வீட்டுப் பின் விறாந்தைதான் எங்கட இடம். அவளிடம் இருந்தது சின்ன ரான்சிஸ்ரர் அம்ப் ஒன்று. மெல்லமாக வாசித்தால் பரவாயில்லை. கொஞ்சம் கூட்டினால் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். நாங்கள் கேட்டு வளர்ந்த இசைத்தட்டுகளில் கிற்றார் அப்படிக் கிழியாது. கிழியும்தான், ஆனால் ஒரு சூடு இருக்கும். தேடிப் பார்த்தால் எல்லாப் பாதையும் ஒரே இடத்தில் போய் முடிந்தது: வால்வு.

வால்வு அம்ப் புதிதாக வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. கிற் என்றால் கிட்டத்தட்ட ஐந்நூறு டொலர். டொலர் முந்நூறு ரூபா என்று பார்த்தால் ஒன்றரை இலட்சம், ஆளுக்கு ஐம்பதாயிரம். கிற்றார்காரி தன்ர பங்கை ஐஈஎல்ரீஎஸ் சோதனை இரண்டாம் தரம் எடுக்க வைத்திருந்த காசிலிருந்து எடுத்தாள். அப்போது அது எங்களுக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேணும்.

கிற் கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் பெட்டிக்குள் வந்தது. பிளேனில் அவ கொண்டுவந்த பாரத்தில் பாதி எங்கட இரும்புதான். கட்டுநாயக்காவில் ஸ்கானரில் பார்த்தவருக்கு இரண்டு இரும்புக் கட்டியும், அதிலிருந்து நாலாபக்கமும் வயரும் என்ன மாதிரித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “பிள்ளையளின்ர பள்ளிக்கூடச் சாமான்” என்று சொல்லியிருக்கிறா. எங்கள் மூன்று பேரின் வயதையும் கூட்டினால் எழுபது வரும்.

உள்ளே இருந்தது பென்டர் சாம்ப் என்கிற சின்ன அம்பின் 1950களின் பிற்பகுதி வடிவம். சர்க்கிற்றுக்கு 5எஃப்1 என்று பெயர். மூன்றே மூன்று வால்வு, ஒரே ஒரு வொலியூம் குமிழ், 8 அங்குல ஸ்பீக்கர், 5 வாற். ரோன் கூட்டுகிற குறைக்கிற குமிழ்கூட இல்லை. இதை உருவாக்கிய லியோ பென்டர் அமெரிக்காவில் புல்லர்ரன் என்ற ஊரில் 1938இல் றேடியோ திருத்துகிற கடை திறந்த ஆள். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. றேடியோ திருத்தினவரின் கையிலிருந்து வந்ததாலோ என்னவோ, சாம்பின் உள்வீடும் பழைய றேடியோ ஒன்றின் பின்பாதி மாதிரித்தான் இருக்கும்.

வேலை தைமாதம் தொடங்கியது. சனி, ஞாயிறு மட்டும்தான். முதல் இரண்டு கிழமை சுகமாகப் போனது. தடையிகளின் நிறக்கோடு வாசிக்கிறது உயர்தரத்தில் பாடமாக்கினதுதான், என்றாலும் நூறு கிலோ ஓமுக்கும் ஒரு மெகா ஓமுக்கும் இடையில் ஒரே ஒரு கோட்டின் நிறம்தான் வித்தியாசம், விறாந்தை லைற்றில் மஞ்சளும் பச்சையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் மீற்றரில் அளந்து கடதாசியில் ஒட்டி வைத்தோம். ஈயம் வைக்கப் பழகினோம். ஈயத்தை அயனில் உருக்கிக் கொண்டுபோய் அப்பக்கூடாது. வயரைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக ஓடவேணும். ஓடினால் மினுங்கும். ஓடாவிட்டால் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். பார்த்தால் பிடித்திருக்கிற மாதிரியே இருந்துகொண்டு உள்ளே பிடிக்காமல் இருக்கும். முதல் நாள் வைத்ததில் பாதியைக் கழற்றித் திரும்ப வைத்தோம்.

கிற் என்றால் என்ன, படத்தைப் பார்த்து அதே இடத்தில் அதே சாமானைப் போடுகிறதுதானே. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கிற்றார்காரியின் அம்மாதான் நினைக்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்தவ, கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்த மண்டையோட்டுப் படத்தைக் கண்டுவிட்டா. கீழே உயிராபத்து என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருந்தது.

“வீட்டை எரிச்சுப்போட்டு நிக்கப்போறியள். றேடியோ மாமாவைக் கூப்பிட்டுக் காட்டாமல் உதைக் கரண்டில போடக்கூடாது.”

றேடியோ மாமா ஒழுங்கையின் கடைசி வீடு. எழுபதைத் தாண்டிவிட்டார். ஒரு காலத்தில் றேடியோ திருத்தினவர் என்று தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். அதுக்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் கேட்டதும் இல்லை. எங்களுக்கு அவர் காலையில் பேப்பரும் பாணும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் போகிற ஆள், அவ்வளவுதான்.

அவர் வந்து கதிரையில் இருந்து முதல் பத்து நிமிடமும் ஒன்றும் கதைக்கவில்லை. வால்வுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். 6வி6ஐத் திருப்பி எழுத்தை வாசித்தார்.

“உது எங்க செய்தது?”

“ஸ்லோவாக்கியா மாமா.”

“இப்பவும் செய்யினமோ?”

செய்கிறார்கள். அனேகமாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்ற மூன்று நாட்டில், பெரும்பாலும் கிற்றார்காரருக்காகத்தான். சொன்னோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, கோயிலில் போற்றி சொல்கிற மாதிரி ஒரு வரிசை சொன்னார்: ஈசீஎச்81, ஈஎஃப்89, ஈஏபீசீ80, ஈஎல்84, ஈசெட்80. எழுபதுகளில் அவர் மேசைக்கு வந்த ஐரோப்பிய செற்றுகளில் அனேகமாக இந்த ஐந்தும்தான் இருக்குமாம். அமெரிக்க வால்வு குறைவாம். பிறகு எங்களிடம், “முதல் எழுத்து என்னெண்டு தெரியுமோ?” என்று கேட்டார். தெரியாது. ஈ என்றால் உள்ளே சூடாக்குகிற இழைக்கு 6.3 வோல்ற். எங்கட பெட்டியில் இருந்த அமெரிக்கப் பெயர்களிலும் அதேதான். 6வி6இல் முதல் எண் ஆறு. 5வை3க்கு ஐந்து வோல்ற். 12ஏஎக்ஸ்7க்குப் பன்னிரண்டு, ஆனால் அதன் இழையை நடுவில் பிரித்து ஆறிலும் ஓட்டலாம். அதைத்தான் ஐரோப்பாக்காரர் ஈசீசீ83 என்கிறார்கள். இரண்டு மாதமாக அந்த எண்களைச் சொல்லிக்கொண்டு திரிந்தோம், அதுக்கு ஒரு கருத்து இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஈயம் வைத்த இடங்களைப் பார்த்தார். இரண்டை மட்டும் விரலால் காட்டினார். கடைசியாகப் பெரிய ரான்ஸ்போமரிலிருந்து சுவிற்சுக்குப் போகிற நாலு வயரிலும் கண் நின்றது.

“உது எந்த நாட்டுப் படம் தம்பி?”

அமெரிக்கப் படம். அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ற். இங்கே 230. அந்த ரான்ஸ்போமர் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற மாதிரிச் செய்தது: உள்ளே 120 வோல்ற் சுற்று இரண்டு இருக்கும். கறுப்பும் வெள்ளையும் ஒரு சுற்று, ஊதாவும் சாம்பலும் மற்றது. அங்கே இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்ப்பார்கள். இங்கே ஒன்றின் வாலில் மற்றதன் தலையைக் கட்டி, நீளமாக ஒரு சுற்றாக்கி 240க்கு ஆக்கவேணும். நாங்கள் படத்தில் இருந்தபடி, நல்ல மினுங்குகிற ஈயத்தோடு, பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்திருந்தோம். அப்படியே எங்கட சுவரில் செருகியிருந்தால் வால்வு எல்லாத்துக்கும் இரட்டிப்பு வோல்ற் போயிருக்கும், பியூஸ் முந்தியிருந்தால் தப்பியிருப்போம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 240க்கான படம் சின்னதாக இருந்தது. நாங்கள் கடைசிப் பக்கம் வரைக்கும் போகவில்லை.

கழற்றித் திரும்பக் கட்டும்போது இன்னொன்று சொன்னார். வாலில் தலையைக் கட்டாமல் வாலில் வாலைக் கட்டினால் ஒரு சுற்றை மற்றச் சுற்று வெட்டிவிடும், பிறகு ரான்ஸ்போமர் வெறும் செப்புக் கம்பிதான், சுவருக்கு அது ஒரு ஷோர்ட். அதனால் சரியாகக் கட்டினாலும் நேரே செருகக்கூடாது என்று வீட்டுக்குப் போய் ஒரு சாமான் கொண்டுவந்தார். பலகைத் துண்டு, அதில் ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு பிளக் பொயின்ற். ஹோல்டரில் 60 வாற் குண்டு பல்ப். சீரீஸ் பல்ப் என்று பெயர். திருத்துகிற செற்றுக்குப் போகிற கரண்ட் முழுக்க அந்தப் பல்புக்குள்ளால்தான் போகவேணும். செற்றில் எங்கேயாவது ஷோர்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், செற் தப்பும். எல்லாம் சரி என்றால் பல்ப் மங்கலாகத்தான் இருக்கும். இவ்வளவுதான். எங்கட கையேட்டில் இருந்த எல்லா எச்சரிக்கையையும்விட எங்களை நிம்மதியாக நித்திரை கொள்ள வைத்தது அந்தப் பலகைத் துண்டு. எல்ஈடி வந்த பிறகு குண்டு பல்ப் தேடிப் பிடிக்கிறது கஷ்டம், தன்னிடம் இருக்கிறது இந்த ஒன்றுதான் என்று ஒவ்வொரு பின்னேரமும் கழற்றிப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரலாம்.

அவர் ஒரேயடியாக மூன்று வால்வையும் போடவிடவில்லை. முதலில் வால்வே இல்லாமல், பிறகு 5வை3 மட்டும். 5வை3 வீட்டுக் கரண்டை ஒருதிசைக் கரண்டாக மாற்றுகிற வால்வு. அது மாற்றுவதைக் கப்பாசிற்றர்கள் சேர்த்து வைக்கும். மற்ற வால்வுகள் இருந்தால் அதைக் குடித்துக்கொண்டிருக்கும், அன்று அதுகள் இல்லை. குடிக்க ஆளில்லாமல் வோல்ற் 440க்குக் கிட்ட ஏறி நின்றது. கப்பாசிற்றர் 500 தாங்கும் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமா விட்டார். அளக்கும்போது ஒரு கை மட்டும்தான் உள்ளே போகவேணும் என்பது அவரின் சட்டம். இரண்டு கையும் போனால் கரண்ட் ஒரு கையால் ஏறி நெஞ்சுக்குள்ளால் மற்றக் கைக்குப் போகும். ஆங்கில வீடியோக்களில் மற்றக் கையைப் பொக்கற்றுக்குள் வைக்கச் சொல்வார்கள். சாரத்தில் பொக்கற் இல்லை. மாமா இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்.

அளந்து எழுதிக்கொண்டிருக்கும்போது விறாந்தை பான் சுற்று குறைந்து நின்றது. அடுத்த வீட்டு ரீவிச் சத்தம் நின்றது. 5வை3க்குள் இருந்த செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல அவிந்தது.

“கரண்ட் போட்டுது” என்று ஒருவர் சொல்ல, றம்ஸ்காரன், நல்லதாய்ப் போச்சு, நீட்டிக்கொண்டு நின்ற அந்த வயரை இப்பவே வெட்டிவிடலாம் என்று குறட்டை எடுத்தான். ஒரு கை சட்டத்தைப் பிடிக்க, மற்றக் கை உள்ளே போனது.

“பொறு.”

மாமா கத்தவில்லை. ஆனால் அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

“பிளக்கைக் கழட்டு முதல். கரண்ட் வரேக்க உன்னைக் கேட்டுட்டு வராது.”

கழற்றினோம்.

“இப்ப மீற்றரை வை.”

வைத்தோம். 431.

சுவரில் பிளக் இல்லை. ஒழுங்கையில் கரண்ட் இல்லை. அந்த நேரம் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை என்று பிறகு போனில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். எங்கட மேசையில் மட்டும் 431 வோல்ற் இருந்தது. மீற்றரில் எண் 430, 429 என்று அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

கொள்ளளவி நாங்கள் படிக்காத விசயமில்லை. உயர்தரப் பௌதிகவியலில் மூன்று பேரும் அதில் கணக்குச் செய்து புள்ளி எடுத்த ஆட்கள். சேமித்த சக்தி அரைவாசி சீ வீ வர்க்கம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பிளக்கைக் கழற்றின பிறகும் அது சேமித்தே இருக்கும் என்றதும் அந்தச் சமன்பாட்டுக்குள் இருக்கிறதுதான். ஆனால் கை அதைப் படிக்கவில்லை. கைக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் போனால் பயமில்லை என்கிறது. அதிலும் 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்து பழகின கைகள் எங்கட கைகள்.

மாமா தன்ர பையிலிருந்து வயர் ஒன்று எடுத்தார். ஒரு நுனியில் முதலைக் கிளிப், நடுவில் பத்துக் கிலோ ஓம் தடையி, மற்ற நுனியில் பழைய மீற்றர் ஊசி. கிளிப்பைச் சட்டத்தில் கொளுவி, இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஊசியைக் கப்பாசிற்றரில் வைத்தார். ஐந்து எண்ணுவதற்குள் மீற்றரில் ஒன்றுமில்லை. ஸ்குறூட்றைவரை வைத்துச் சுட்டாலும் இறங்கும், ஆனால் வெடி மாதிரிச் சத்தம் வரும், ஸ்குறூட்றைவரில் பள்ளம் விழும், பயந்து கை எங்கே போகும் என்று தெரியாது என்றார். இறக்கின பிறகும் ஊசியை எடுக்கவில்லை. எடுத்தால் கப்பாசிற்றர் தனக்குள் ஒளித்து வைத்ததில் கொஞ்சத்தைத் திரும்ப மேலே கொண்டுவருமாம். பிறகு எடுத்துக் காட்டினார். உண்மைதான், எண் தானாகவே பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கியது.

றம்ஸ்காரன் கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் நின்றான்.

கரண்ட் வர மணித்தியாலக் கணக்காகும் என்று தெரிந்த பிறகு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் தேத்தண்ணி வைத்தா. அன்றுதான் மாமா கதைத்தார். அதுவும் எங்களுக்குச் சொல்லவேணும் என்று சொன்னதில்லை. கரண்ட் எப்ப வரும் என்று ஆரோ சலித்துக்கொள்ள, அதுக்குப் பதிலாகத் தொடங்கினதுதான்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடை செய்த சாமான். வால்வு செற்றுகள் எல்லாம் அன்றோடு பெட்டியாகின, ரான்சிஸ்ரர் செற்றும் பற்றரி இல்லாமல் ஊமை. ஆனால் சனத்துக்குச் செய்தி வேணும். சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிறதை றேடியோவுக்குக் கொடுத்தார்கள். இதை நாங்களும் வீட்டில் கேள்விப்பட்டிருக்கிறோம். டைனமோவிலிருந்து வருகிறது திசை மாறுகிற கரண்ட் என்றதும், அதை நேரே றேடியோவுக்குக் கொடுக்கேலாது என்றதும் நாங்கள் யோசித்ததில்லை. அந்த இடத்தில்தான் மாமாவின் வேலை. உடைந்த செற்றுகளிலிருந்து நாலு டயோட் கழற்றி, ஒரு பெரிய கப்பாசிற்றர் சேர்த்து, சின்னப் பேணிக்குள் வைத்துக் கொடுப்பார். டைனமோ ஆறு வோல்ற், செற்றுக்கும் ஆறு, பாதிப் பிரச்சினை அதோடு சரி. கப்பாசிற்றரைப் பெரிசாகப் போட்டால் இன்னொரு வசதி இருந்ததாம்.

“தமிழோசை போகேக்க சுத்துறவனுக்குக் கை நொந்து விட்டாலும், வாசிக்கிறவர் உடன நிக்கமாட்டார். கப்பாசிற்றரில கிடக்கிறதில இன்னும் ரெண்டு சொல்லுச் சொல்லிப்போட்டுத்தான் நிப்பார்.”

எத்தனை பேணி செய்திருப்பார் என்று கேட்டோம். எண்ணவில்லை என்றார். வால்வு எல்லாம் எங்கே என்று கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 வெளிக்கிட்டபோது இரண்டு பெட்டி வால்வைத் துணியில் சுற்றிக் கடையில் வைத்துவிட்டுப் போனாராம். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கடையின் சுவர் இருந்ததாம். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, “5வை3 சூடு ஆறியிருக்கும், எடுத்து வையுங்கோ” என்றார்.

மாசி முடிகிற நேரம் மூன்று வால்வையும் போட்டோம். சீரீஸ் பல்ப் ஒருக்கால் பளிச்சென்று எரிந்து, பிறகு மெல்லமெல்ல மங்கியது. அதுதான் வேணும். வால்வுகளுக்குள் செம்மஞ்சள் வந்தது. மாமா 6.3 வோல்ற் வயரை அளந்தார். பல்பைக் கழற்றி நேரே சுவரில் போட்ட பிறகு 6.1. 240க்குக் கட்டினதுக்கு 230 கொடுத்தால் அவ்வளவுதான் வரும், அது வால்வுக்கு நல்லது என்றார். ஸ்பீக்கரில் லேசான இரைச்சல். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க வாயெடுத்த அந்தக் கணம் அது ஊளையிடத் தொடங்கியது.

கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் வருமே, அந்தச் சத்தம். அதுவும் நிற்காமல். அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தா, நாய் முற்றத்தைத் தாண்டி ஒழுங்கைக்கே போய்விட்டது. 5 வாற் சின்னது என்று எழுதுகிறவர்களை அந்த விறாந்தையில் கொண்டுவந்து இருத்தவேணும்.

“வொலியூமைக் குறை” என்றார் மாமா. பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். ஊளை அப்படியே இருந்தது. அவர் முகத்தில் கவலை ஒன்றும் இல்லை, உள்ளதைச் சொன்னால் ஒரு சந்தோசம்தான். “அப்ப வருத்தம் வொலியூமுக்குப் பிறகுதான். முன்னுக்கு எல்லாம் சரி. பாதிச் செற்றைப் பார்க்கத் தேவையில்லை. நிப்பாட்டுங்கோ.”

நிப்பாட்டி, பிளக்கைக் கழற்றி, ஊசியை வைத்து, ஐந்து எண்ணி, திரும்ப அளந்து. இதெல்லாம் அதுக்குள் எங்களுக்குப் பழகிவிட்டது. மாமா சர்க்கிற் படத்தில் விரலை வைத்து ஸ்பீக்கரிலிருந்து பின்பக்கமாக வந்தார். 22 கிலோ ஓம் தடையி ஒன்று ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சம் சத்தத்தை எடுத்து முந்தின வால்வுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. திருப்பிக் கொடுப்பது எதிர்ப்பக்கமாக இருந்தால் வால்வை அடக்கி ஒழுங்காக வைத்திருக்கும். அதே பக்கமாக இருந்தால் ஏற்றி விடும், ஏறினது திரும்ப வந்து இன்னும் ஏற்றும். அழுகிற பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிறதுக்குப் பதில் நுள்ளிவிடுகிற மாதிரி. அந்தத் தடையியின் ஒரு காலைக் கழற்றிவிட்டுப் போடச் சொன்னார். ஊளை இல்லை. அப்ப அதுதான். ஸ்பீக்கருக்குப் போகிற சின்ன ரான்ஸ்போமரின் நீல வயரும் மண்ணிற வயரும் இடம் மாறியிருந்தன. யார் கட்டினது என்று மூன்று பேரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் மாற்றி, தடையியின் காலைத் திரும்ப வைத்தோம்.

கிற்றார்காரி முதலில் ஒரே ஒரு தந்தியைத்தான் தட்டினாள், தடித்த ஈ. வொலியூம் மூன்றில் அது தெளிவாக, வட்டமாக வந்தது. ஏழு எட்டுக்குக் கொண்டுபோனபோது ஓரம் கரகரக்கத் தொடங்கியது. மெல்லத் தொட்டால் கரகரப்பு இல்லை, அழுத்தினால் வருகிறது. குமிழால் இல்லாமல் விரலால் கூட்டிக் குறைக்கலாம். பழைய அம்பில் சத்தம் ஒரு மட்டத்தில் போய் மொட்டையாக வெட்டுப்படும். வால்வு வெட்டுவதற்கு முதல் வளைந்து கொடுக்கும், நாங்கள் இரண்டு வருசமாகத் தேடினது அந்த வளைவைத்தான். அவள் அரை மணித்தியாலம் நிமிராமல் வாசித்தாள்.

மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனில் இருக்கிற பழைய பாட்டு ஒன்றை இதில் போடலாமோ என்று கேட்டார். வயர் தேடிப் பிடித்துப் போட்டோம். தலையைச் சரித்துப் பாதிப் பாட்டுக் கேட்டார். நாங்கள் அவர் கண்கலங்குவார் என்று நினைத்தோம் போல.

“பேஸ் காணாது” என்றார்.

உண்மைதான். 8 அங்குலத்தில் அவ்வளவுதான் வரும். பிறகு பழைய வேப்பங்கதவு ஒன்றை வெட்டிப் பெட்டி செய்வித்தோம், கொஞ்சம் பரவாயில்லை. லேசான இரைச்சல் ஒன்று இன்னும் இருக்கிறது. மண்ணுக்குப் போகிற வயர்களை ஒரே புள்ளியில் சேர்த்தபோது பாதி போனது, மீதிப் பாதியோடு நாங்கள் சமாதானமாகிவிட்டோம்.

கிற்றார்காரி ஐஈஎல்ரீஎஸ் இரண்டாம் தரம் எடுத்தாள், காசை எங்கே புரட்டினாள் என்று சொல்லவில்லை. புரட்டாசியில் போய்விட்டாள். பெட்டிக்கு 30 கிலோ, அதுக்குள் அம்ப் போகாது, கிற்றார் மட்டும் போனது. போவதற்கு முதல் கிழமை மூன்று பாட்டை அந்த அம்பில் வாசித்து, போனை ஸ்பீக்கருக்கு முன்னால் கதிரையில் வைத்துப் பதிந்து வைத்தோம். இரைச்சல், நாய், ஒருக்கால் அம்மாவின் குரல், எல்லாம் அதில் இருக்கு. அங்கே அறைக்குள் ஹெட்போனில்தான் வாசிக்கலாமாம். அவள் போன பிறகு ஒரு மாதம் நாங்கள் இரண்டு பேரும் விறாந்தைப் பக்கம் போகவில்லை. அம்மா ஆளனுப்பினா, அம்ப் தூசி பிடிக்குது என்று.

போனபோது மாமாவும் இருந்தார். எங்களைக் கண்டதும், “உங்கட அம்மம்மா வீட்டுப் பரணில ஒரு பிலிப்ஸ் கிடந்ததே, இருக்கோ?” என்று றம்ஸ்காரனைக் கேட்டார். அம்மம்மா வீட்டில் றேடியோ இருந்ததே அவனுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அதன் வொலியூம் குமிழை எழுபதுகளில் மாற்றிக் கொடுத்தது அவர்தான், அந்த வீட்டுப் பலாப்பழம்தான் கூலியாம்.

இருந்தது. கரையான் பின்பலகையைத் தின்றிருந்தது. உள்ளே ஒரு பல்லியின் எலும்பும் முழுசாக ஒரு ஈஎல்84உம். இரண்டு பேராகச் சைக்கிள் கரியரில் படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்து, அம்பைக் கீழே இறக்கிவிட்டு, அதே மேசையில் வைத்தோம். பேப்பர் கப்பாசிற்றர் எல்லாம் மாற்றாமல் கரண்டில் போடக்கூடாது என்று மாமா முதலே சொல்லிவிட்டார். எத்தனை என்று எண்ணினோம், பதினொன்று. போனில் அவளுக்குப் படம் அனுப்ப, விடியப்புறம் அங்கேயிருந்து பதில் வந்தது, எந்த அளவு எத்தனை வேணும் என்று எழுதி அனுப்பச் சொல்லி. இரண்டு சனிக்கிழமை போய்விட்டது, இன்னும் நாலுதான் கழற்றியிருக்கிறோம். சீரீஸ் பல்ப் மேசையிலேயே கிடக்கிறது. மாமா அதைப் பின்னேரத்தில் கழற்றிக் கொண்டுபோவதை விட்டுவிட்டார்.